ஏற்காட்டில் தேனீயைப் படமெடுக்கிறீர்களா? முதுகு மட்டும் போதாது

மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ தவிர, கூட்டமாகச் சேராமல் தனித்து வாழும் தேனீக்களும் நம் சேர்வராயன் மலையில் உண்டு. அவற்றைப் படத்தை வைத்து அடையாளம் காண, மேலிருந்து எடுத்த ஒரே படம் உதவாது. முகம், பக்கவாட்டு, இறக்கை, பின்னங்கால் எல்லாம் வேண்டும்.

முதலில் மகரந்தம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். வயிற்றின் அடிப்பக்கம் அப்பியிருந்தால் அநேகமாக இலைவெட்டித் தேனீ அல்லது அதன் உறவு. நீலப்பட்டைத் தேனீயான அமெகில்லா பின்னங்கால் முடியில் சுமக்கும். அமெகில்லாவின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் தைரியஸ் என்ற குயில் தேனீக்கு அந்த முடியே கிடையாது. உடம்பில் பட்டைக்குப் பதில் நீலத் திட்டுகள் இருக்கும். பலரும் குழம்புவது இந்த இரண்டில்தான், பொறுமையாகப் பாருங்கள்.

ஒரே ஒரு ஜோடி இறக்கையும் குட்டையான உணர்கொம்பும் தெரிந்தால் அது தேனீயே இல்லை, தேனீ வேஷம் போட்ட ஈ.

பறக்கும்போது துரத்துவதைவிட விடிகாலையில் போவது மேல். ஆண் அமெகில்லாக்கள் செடித் தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும். குளிர் விலகும்வரை அசையாது. ஆற அமர எல்லாக் கோணத்திலும் எடுக்கலாம். தண்டை மட்டும் ஆட்டிவிடாதீர்கள், பாவம்.

அப்புறம், பூவின் பெயர், தேதி, இடத்தின் உயரம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் பதியும்போது பேரினத்தோடு நிறுத்தினாலும் தவறில்லை. நிறைய இனங்களை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.