மூன்று டாஸ்க், ஒரு சிபியு: டெட்லைன் தப்புமா என்று பேப்பரிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

போர்டில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு பேனாவும் பேப்பரும் எடுங்கள். ஒரு சின்ன ட்ரோனுக்கு மூன்று டாஸ்க்: சென்சார் 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 1 மில்லிசெகண்ட் ஓடும். மோட்டார் 6க்கு ஒருமுறை, 2 ஓடும். ரேடியோ 10க்கு ஒருமுறை, 3 ஓடும். அடுத்த சுற்று தொடங்குவதற்குள் ஒவ்வொன்றும் முடிந்தாக வேண்டும்.

இந்த 1, 2, 3 எல்லாம் ஆக மோசமான நேரம். சராசரியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

முதலில் முன்னுரிமை. அடிக்கடி வருகிற டாஸ்க்குக்கு முதலிடம், ஆகவே சென்சார், மோட்டார், ரேடியோ. இதுதான் ரேட் மோனோடோனிக் முறை.

அடுத்து சிபியு சுமை, அதாவது ஒவ்வொரு டாஸ்க்கும் ஓடும் நேரத்தை அது வரும் இடைவெளியால் வகுத்துக் கூட்டியது: 1/4 + 2/6 + 3/10, கிட்டத்தட்ட 0.883. லியூ, லேலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் போட்ட கணக்குப்படி மூன்று டாஸ்க்குக்கு 0.780 வரை பயமே இல்லை. நாம் தாண்டிவிட்டோம். ஆனால் தாண்டினாலே ஃபெயில் என்று அர்த்தமில்லை, இங்கேதான் பலர் பயந்துபோய் விலை கூடின சிப் வாங்கிவிடுகிறார்கள்.

சரி, இப்போது ஜோசப், பாண்டியா என்ற ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன வழி. எல்லா டாஸ்க்கும் ஒரே நொடியில் கிளம்புவதாக வைத்துக்கொண்டு, கடைசியில் நிற்கும் ரேடியோ எப்போது முடியும் என்று பாருங்கள். அதன் சொந்த வேலை 3. அந்த 3க்குள் சென்சார் ஒருமுறை, மோட்டார் ஒருமுறை குறுக்கே வரும்: 3+1+2 = 6. அந்த 6க்குள் சென்சார் இரண்டு முறை வந்துவிடுமே, அப்போ 3+2+2 = 7. 7க்குள் மோட்டாரும் இரண்டாவது முறை வரும்: 9. 9க்குள் சென்சார் மூன்றாவது முறை: 10. இன்னொரு தடவை போட்டாலும் 10தான், நின்றுவிட்டது. டெட்லைனும் 10. மயிரிழையில் தப்பித்தோம்! மற்ற இரண்டுக்கும் இதே கணக்கு, சென்சாருக்கு 1, மோட்டாருக்கு 3 வரும்.

ரேடியோ வேலையை 4 ஆக்கிப் பாருங்கள். 7, 10, 11 என்று ஏறி எல்லையைத் தாண்டிவிடும். சுமை 0.983தான், ஆனாலும் போச்சு. இங்கே இடிஎஃப் (எர்லியஸ்ட் டெட்லைன் ஃபர்ஸ்ட்) முறை கைகொடுக்கும்: எந்த டெட்லைன் முதலில் வருகிறதோ அதற்கே சிபியு, சுமை 1 வரை தாங்கும். லினக்ஸில் இது 2014இல், 3.14 கர்னலோடு வந்தது.

இத்தனை கணக்கும் டாஸ்க்குகள் ஒன்றின் லாக்குக்காக (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரே டாஸ்க் மட்டும் தொடவிடும் பூட்டு) இன்னொன்று காத்திருக்காதவரைதான். 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி ரீசெட் ஆனது இதனால்தான்: வானிலை டாஸ்க் லாக்கைப் பிடித்திருக்க, நடுத்தர முன்னுரிமை டாஸ்க் ஒன்று அதை ஓடவிடாமல் தடுக்க, முக்கியமான பஸ் (உள்ளே டேட்டா போகும் பாதை) டாஸ்க் காத்துக்கிடந்தது. பூமியிலிருந்தே முன்னுரிமை வாரிசு வசதியை, அதாவது லாக்கைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பதை, ஆன் செய்தார்கள். உங்கள் ஆர்டிஓஎஸ்ஸின் (ரியல்-டைம் இயங்குதளம்) மியூடெக்ஸில், அதாவது அந்த லாக்கில், அது ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.