பைதான் கோர்ஸ்: முதல் வீடியோவுக்கு முன்னால் ஒரு மாலை

ஆன்லைனில் பைதான் என்ற நிரல்மொழி கோர்ஸில் சேர்ந்துவிட்டு இரண்டாவது வாரமே காணாமல் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன், அதுவும் இரண்டு தடவை. பைதான் கஷ்டம் என்று இல்லை. படுத்துக்கொண்டே வீடியோ பார்த்தேன், எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது, பயிற்சியைத் திறந்தால் கை ஓடவில்லை. மூன்றாவது தடவை வீடியோவைத் தொடாமல் ஒரு மாலை முழுக்கச் சும்மா தட்டிப் பார்த்தேன். அன்று செய்ததைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில் எந்தக் கோர்ஸ் என்று முடிவு பண்ணுங்கள். என் கட்சி ஹார்வர்டின் சிஎஸ்50பி. டேவிட் மேலன் நடத்துவது, 0 முதல் 9 வரை பத்து வாரம் (வாரக் கணக்கே பூஜ்யத்தில்தான் தொடங்கும், பழகிக்கொள்ளுங்கள், பைதானும் அப்படித்தான் எண்ணும்). வீடியோ, பயிற்சி, முடித்தால் கோர்ஸ் தருகிற சான்றிதழ் எல்லாமே இலவசம், எட்எக்ஸ் தளத்தின் சரிபார்த்த சான்றிதழ் வேண்டும் என்றால்தான் காசு. என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்துகிற பாடமும் அருமையானது, 8 வாரம், ஆனால் முதல் வாரமே மீப்பெரு பொது வகுத்தியை வைத்து அல்காரிதத்துக்குள் இறங்கிவிடுவார். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பைதான் டாட் ஆர்க் தளத்திலிருந்து பைதானை இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், 'பாத்' என்ற சொல்லோடு ஒரு சின்னப் பெட்டி இருந்தால் மறக்காமல் டிக் போடுங்கள். நான் அதைக் கவனிக்காமல் விட்டு, பைதான் என்று ஒரு கட்டளையே இல்லை என்று கணினி சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. உபுண்டுவில் பைதான் ஏற்கெனவே இருக்கும், ஐடில் (பைதானைத் தட்டிப் பார்க்கிற ஜன்னல்) மட்டும் தனியாகப் போட வேண்டும்.

நிறுவியதும் ஐடிலைத் திறங்கள். கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையிலும் தட்டலாம்தான், ஆனால் அங்கே தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். மூன்று அம்புக்குறி வந்து நிற்கும் இடத்தில்தான் தட்ட வேண்டும்.

>>> 7 / 2
3.5
>>> 7 // 2
3
>>> 2 ** 100
1267650600228229401496703205376

ஒற்றைக் கோடு சாதாரண வகுத்தல், இரட்டைக் கோடு மீதியை விட்டுவிட்டு ஈவை மட்டும் தரும், இரட்டை நட்சத்திரம் அடுக்கு. சரி, இப்போது ஒரு பெயர் வைப்போம். பைதான் 3-இல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

>>> விலை = 15
>>> விலை * 3
45

மூன்று டீ, 45 ரூபாய். இதையே மேற்கோள் குறிக்குள் போட்டுப் பாருங்கள்.

>>> விலை = "15"
>>> விலை * 3
'151515'

மூன்று டீக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் பில்! மேற்கோளுக்குள் போனதும் அது எண் இல்லை, எழுத்துச் சரம்; சரத்தை மூன்றால் பெருக்கினால் மூன்று தடவை ஒட்டி வைக்கும், அவ்வளவுதான். பயனரிடம் கேட்டு வாங்குவது எதுவானாலும் பைதான் அதைச் சரமாகத்தான் கையில் கொடுக்கும், ஆரம்பத்தில் நான் எழுதியதில் பாதி இதனால்தான் தப்பாகப் போயிற்று. ஐ, என், டி என்ற மூன்று சின்ன ஆங்கில எழுத்துகளைத் தட்டி அடைப்புக்குறிக்குள் விலை என்று போடுங்கள், 15 திரும்ப எண்ணாக வரும். மேற்கோளுக்குள் தசமம் இருந்தால் இது பிழை காட்டும், அப்போது அந்த மூன்று எழுத்துக்குப் பதில் ஃப்ளோட் (float) என்று தட்டுங்கள்.

அதே மாதிரி எல், இ, என் தட்டி அடைப்புக்குறிக்குள் "வணக்கம்" என்று மேற்கோளோடு கொடுத்தால் 7 என்று சொல்லும். நம் கணக்கில் ஐந்து எழுத்துதானே? க்-இல் இருக்கிற புள்ளியையும் ம்-இல் இருக்கிற புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது.

இனி வேண்டுமென்றே தப்பு செய்யுங்கள். விலை என்பதை விளை என்று தட்டினால் சிவப்பில் நாலைந்து வரி கொட்டும், பயப்படாமல் கடைசி வரியை முதலில் படியுங்கள், நேம் எரர் என்று இருக்கும்: அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நிரலை ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறி வந்து சின்டாக்ஸ் எரர் அடிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், எனவே அழித்துவிட்டு நேர் மேற்கோளைக் கையால் தட்டுங்கள்.

இவ்வளவும் ஆனபிறகு கோர்ஸுக்குள் போகலாம். நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்கு வேண்டும், அதை வைத்து கோர்ஸின் கோட்ஸ்பேஸில் நுழைந்தால் பிரவுசரிலேயே எழுதி அங்கிருந்தே அனுப்பலாம். முதல் வீடியோ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். மேலன் ஒரு வரி தட்டினால் நிறுத்தி நீங்களும் தட்டுங்கள். மாட்டிக்கொண்டால் சாட்ஜிபிடி பக்கம் போகாதீர்கள், கோர்ஸ் விதிப்படி அது கூடாது. கோர்ஸ்காரர்களே ரப்பர் வாத்து என்று ஒரு ஏஐ உதவியாளரை வைத்திருக்கிறார்கள், அதனிடம் கேட்கலாம், விடையை மட்டும் நேராகச் சொல்லாது.

பூஜ்ய வாரத்தின் கடைசிப் பயிற்சி ஹோட்டல் டிப் கணக்கு. $50.00 என்றும் 15% என்றும் கொடுத்தால் $7.50 என்று வர வேண்டும். நம் டீ பில் கதையேதான். வேல்யூ எரர் வந்தால் டாலர் குறியையோ சதவீதக் குறியையோ வெட்டாமல் எண்ணாக மாற்றப் பார்த்திருக்கிறீர்கள்.