நாய்க்கு ஓயாத அரிப்பா? உணவுதான் காரணமா என்று கண்டறியும் 8 வாரச் சோதனை

இரவு 2 மணிக்குக் கூடத்திலிருந்து வரும் 'சளக் சளக்' என்ற சத்தத்தில் நான் விழித்துக்கொண்ட நாட்கள் பல. எங்கள் நாட்டு நாய் செம்பி முன்னங்கால் விரல்களை நக்கிக்கொண்டே படுத்திருப்பாள். விளக்கைப் போட்டுப் பாதத்தை விரித்துப் பார்த்தால், விரலிடுக்கில் வெள்ளையாக இருக்க வேண்டிய முடி துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறியிருக்கும். உமிழ்நீர் ஓயாமல் படுவதால் உண்டாகும் கறை அது. ஊசி போட்டால் பத்து நாள் நிம்மதி, பிறகு பழையபடியே நக்கலும் சொறிதலும். ஒன்றரை ஆண்டு இப்படிக் கழிந்த பிறகுதான் பழைய உணவை அடியோடு நிறுத்தி வேறோர் உணவை மட்டும் கொடுத்துப் பார்க்கும் 'விலக்கு உணவுச் சோதனை'யைப் பற்றி ஒரு மருத்துவர் எனக்கு விளக்கிச் சொன்னார். முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவரின் துணையோடு செய்யக்கூடிய சோதனைதான் அது. ஆனால் இடையில் ஒரு நாள் தவறினாலும் அதுவரை பட்ட பாடு வீணாகிவிடலாம் என்பதால், நாங்கள் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உணவைக் குறை சொல்வதற்கு முன்

அரிப்பு என்றதும் உணவை மாற்றத் தோன்றும். ஆனால் நம் ஊரில் நாய்களின் அரிப்புக்குப் பெரும்பாலும் தெள்ளும் உண்ணியும் சொறிப்பூச்சியும் பூஞ்சையும்தான் காரணம். தெள்ளின் உமிழ்நீருக்கே ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில தெள்ளுகள் கடித்தாலும் போதும், இடுப்பின் பின்பகுதியையும் வாலின் அடியையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். தெள்ளுச் சீப்பால் அந்த இடத்தை வாரி, வருகிற கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் கழிவு. நாயின் இரத்தமே அப்படிச் செரித்து வெளியேறியிருக்கிறது. காது மடலின் ஓரமும் முழங்கையும் சொரசொரப்பாகி, வீட்டிலுள்ளவர்களுக்கும் கையில் சிவந்த தடிப்புகள் வந்தால் சொறிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

உணவு ஒவ்வாமையின் அரிப்பு பொதுவாக ஆண்டு முழுவதும் இருக்கும். பாதம், காது, அக்குள், தொடையிடுக்கு, மலவாயைச் சுற்றிய பகுதி ஆகியவை சிவக்கும். காதில் அடிக்கடி சீழ் வைக்கும். சில நாய்கள் இளகலாகவோ ஒரே நாளில் பல முறையோ மலம் கழிக்கும். ஆனால் தூசிப் பூச்சியால் வரும் தோல் ஒவ்வாமையும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் தோன்றும் என்பதால், பார்வையை மட்டும் வைத்து மருத்துவராலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. முகம் திடீரென்று வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது காத்திருந்து சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இரண்டாம் படி: புண்ணையும் பூஞ்சையும் ஆற்றுதல்

சொறிந்து கிழித்த தோலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறி, அவையும் தம் பங்குக்கு அரிப்பை உண்டாக்கும். தோல் கருத்து, தடித்து, பழைய எண்ணெய்போல் நாறினால் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றை ஆற்றாமல் உணவை மாற்றினால், உணவு சரியாகவே இருந்தாலும் அரிப்பு குறையாது; நாமோ 'உணவு காரணமில்லை' என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். எனவே தோலைச் சுரண்டியும் ஒட்டுநாடாவால் எடுத்தும் நுண்ணோக்கியில் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் நாய்களைக் காட்டலாம்.

மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி சேர்ந்த ஷாம்பு கொடுத்தால், நுரை தோலில் 10 நிமிடம் ஊறிய பிறகே அலச வேண்டும். உடனே கழுவிவிட்டால் மருந்து வேலை செய்யாது. மழைக்காலத்தில் வெளியே போய் வந்ததும் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பினாயில் போன்றவற்றைத் தடவும் வழக்கம் இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. நக்கும்போது அத்தனையும் வயிற்றுக்குள் போகும் என்பதால், தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: தின்றதையெல்லாம் எழுதுதல்

ஒவ்வாமை புது உணவால்தான் வரும் என்பது பலருடைய எண்ணம். உண்மையில், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தின்று பழகிய உணவுக்கே உடல் எதிர்ப்புக் காட்டத் தொடங்குகிறது. உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் திரட்டி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருட்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் காரணமாக இருந்தன. அரிசி அரிதாகவே குற்றவாளியாகிறது. பால் குடித்ததும் வெறும் வயிற்றுப்போக்கு மட்டும் வந்தால் அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால் இருக்கலாம். ஒவ்வாமை என்பது பாலின் புரதத்துக்கு உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்ப்பு. இரண்டும் வேறு.

நாய் பிறந்ததிலிருந்து தின்ற அனைத்தையும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். செம்பியின் பட்டியலில் நான் எழுதியவை கோழிச் சோறும் பாக்கெட் உணவும் மட்டுமே. பெரியம்மாவிடம் கேட்டபோது, காலையில் டீயில் நனைத்த பொறை, மதியம் தயிர்ச் சோற்றின் கடைசி உருண்டை, மாலையில் ரஸ்க் என்று மூன்று வரி கூடியது. அவர் எதையும் மறைக்கவில்லை. அவையெல்லாம் தீனிக் கணக்கில் சேரும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இரத்தம், எச்சில், முடி ஆகியவற்றை வைத்து உணவு ஒவ்வாமையைச் சொல்லிவிடுவதாக விற்கப்படும் சோதனைகளை நம்பிப் பணத்தைச் செலவிடாதீர்கள். நலமாக இருக்கும் நாய்க்கும் அவை ஒவ்வாமை என்று காட்டுவதுண்டு. விலக்கு உணவும், அதன்பின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் மறுசோதனையும்தான் நம்பத் தகுந்தவை.

நான்காம் படி: சோதனை உணவைத் தேர்ந்து சமைத்தல்

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கப்படும் ஹைட்ரோலைஸ்டு உணவு. துண்டுகள் சிறியவை என்பதால் நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றை அடையாளம் காணத் தவறிவிடும். மருத்துவர் பரிந்துரையில் வாங்கலாம், விலை கூடுதல். இரண்டாவது, நாய் இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதத்தையும் ஒரே ஒரு மாவுப்பொருளையும் கொண்டு வீட்டில் சமைப்பது. பட்டியல் இங்கேதான் உதவும். கோழி தின்ற நாய்க்குக் காடையோ வான்கோழியோ புதிது என்று எண்ண வேண்டாம். உறவுள்ள பறவைகளின் புரதங்கள் ஒத்திருக்கலாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடையிலும் இதே சிக்கல் உண்டு. முயல், பன்றி, மீன் ஆகியவற்றில் எது பட்டியலில் இல்லையோ அதை எடுக்கலாம். கடையில் 'ஆட்டிறைச்சியும் அரிசியும்' என்று அச்சிட்டு விற்கும் சாதாரணப் பாக்கெட்டுகளில் உறையில் குறிப்பிடாத இறைச்சியும் கலந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. சோதனைக்கு அவை உதவாது.

முள்ளுக்குப் பயந்து செம்பிக்கு நாங்கள் மீன் கொடுத்ததே இல்லை. எனவே முள் நீக்கிய பாசா மீன் துண்டுகளையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் தேர்ந்தெடுத்தோம். மீனை வெறும் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, ஆறியதும் விரல்களால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தித் தடவி, முள் ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். கிழங்கைத் தோல் சீவி வேகவைத்து மசித்து, மீன் 1 பங்குக்குக் கிழங்கு 2 பங்கு என்று கலந்து, சூரியகாந்தி எண்ணெய் 1 தேக்கரண்டி சேர்ப்பேன். உப்பு, மஞ்சள், நெய் எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு எப்போதுமே நஞ்சு. பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் முழுமையாக மாற்றினோம்; பழைய உணவு அடியோடு நின்ற நாளே சோதனையின் முதல் நாள்.

இவ்வளவு எளிய உணவு சத்தில் முழுமையானது அல்ல. வளர்ந்த, வேறு நோயில்லாத நாய் சில வாரங்கள் தாங்கிக்கொள்ளும் என்றாலும், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குட்டிகளுக்கு இதைச் செய்யவே கூடாது. அவற்றுக்குச் சத்துக்கள் சமன்செய்யப்பட்ட ஹைட்ரோலைஸ்டு உணவுதான் சரி.

ஐந்தாம் படி: வாயைக் காவல் காத்தல்

சோதனைகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஒரு துண்டு ரஸ்க் போதும், அடங்கியிருந்த அரிப்பு திரும்பிவிடலாம். உணவுத் தட்டை மட்டும் பார்த்தால் போதாது. பூச்சி மருந்து, உண்ணி மாத்திரை, கால்சியம் டானிக் ஆகியவற்றில் பல இறைச்சிச் சுவை சேர்த்தே வருகின்றன; கேப்சூலின் உறை மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டினாக இருக்கலாம். உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தாக மாற்றித்தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். பூனையின் கிண்ணம், குழந்தை சாப்பிட்ட இடம், தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கிடக்கும் பிரியாணி எலும்பு ஆகிய எல்லாமே ஆபத்துதான். அந்த 8 வாரமும் செம்பியைக் குட்டையான கயிற்றில் பிடித்து, குப்பைத்தொட்டி இல்லாத தெருவாகப் பார்த்து நடத்தினேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் 'கொடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் நடக்காது, ஏனென்றால் அவர்கள் கொடுப்பது பாசத்தினால். பெரியம்மாவுக்கென்று தனி டப்பாவில், வேகவைத்து அடுப்பில் சுட்டு உலர்த்திய கிழங்குத் துண்டுகளைப் போட்டு வைத்தேன். காலை டீ நேரத்தில் செம்பி அவர் காலடியில் போய் உட்காருவதும், அவர் கொடுப்பதும் நிற்கவில்லை. கொடுக்கும் பொருள் மட்டும் மாறியது.

ஆறாம் படி: தினமும் மதிப்பெண்

ஒரு நோட்டில் தினமும் இரவு அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அரிப்பே இல்லையென்றால் 0. தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டுச் சொறிந்தால் 10. மலத்தின் தன்மை, காதின் நாற்றம், தவறித் தின்றது ஆகியவற்றையும் குறியுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், பாதத்தையும் வயிற்றையும் படம் எடுங்கள். தொடக்கத்தில் அரிப்பு தாங்க முடியாமல் இருந்தால் மருத்துவர் சில நாட்களுக்கு மருந்து கொடுக்கலாம்; ஆனால் கடைசி வாரங்களில் மருந்தின்றிப் பார்த்தால்தான் பலன் உணவினுடையதா என்று தெரியும்.

உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 5 வாரத்திலும், 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 8 வாரத்திலும் தேறுகின்றன. எனவே மூன்றாம் வாரத்தில் மனம் தளர வேண்டாம். செம்பியின் நோட்டில் 22-ஆம் நாள் வரை 7-ம் 8-மாகவே இருந்தது. 40-ஆம் நாள் 3. ஒழுங்காக 8 வாரம் நடத்தியும் மதிப்பெண் அசையவில்லையென்றால், உணவை விட்டுவிட்டுத் தூசி முதலியவற்றால் வரும் தோல் ஒவ்வாமைக்கான நீண்டகாலச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஓரளவு மட்டும் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஏழாம் படி: பழைய உணவைத் திரும்பக் கொடுத்தல்

தேறிய நாய்க்குப் பழைய உணவைத் திரும்பக் கொடுக்க யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் இதைச் செய்யாவிட்டால், குணமானது உணவாலா, ஷாம்புவாலா, பருவம் மாறியதாலா என்று ஒருநாளும் தெரியாது. பழைய தீனியை அப்படியே கொடுத்து, 14 நாட்கள் கவனியுங்கள். அரிப்பு சில மணி நேரத்திலும் திரும்பலாம், இரண்டாம் வாரத்திலும் திரும்பலாம். திரும்பியதும் நிறுத்தி, சோதனை உணவுக்கு மாறி, மதிப்பெண் இறங்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு சோதனை உணவோடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை, ஒவ்வொன்றுக்கும் 2 வாரம் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். முகவீக்கமோ மூச்சுத் திணறலோ முன்பு வந்திருந்தால் இந்தப் படியை வீட்டில் செய்யவே கூடாது.

கோழிதான் காரணம் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். கோழியை 14 நாள் தின்றும் செம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. சப்பாத்தி கொடுத்தோம், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. தயிர் சேர்த்த நான்காம் நாள் இரவு, கூடத்திலிருந்து மறுபடியும் அந்தச் 'சளக் சளக்' கேட்டது. நோட்டில் 6 என்று எழுதிவிட்டு, மறுநாள் தயிரை நிறுத்தினேன்; ஒன்பது நாளில் மதிப்பெண் 2-க்கு இறங்கியது.

இப்போது செம்பிக்குக் கோழி, சோறு, முட்டை, காய்கறி எல்லாம் உண்டு. நீண்டகாலத்துக்கான அளவுகளையும் கால்சியத்தையும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம்: 'பால், தயிர், மோர், நெய், பன்னீர், சீஸ், டீயில் நனைத்த எதுவும் செம்பிக்கு வேண்டாம்.' புதிதாக எந்தப் பாக்கெட் வாங்கினாலும் பால் பொடி, பாலின் புரதங்களான கேசின், வே புரதம் என்ற சொற்கள் உறையில் இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகே பிரிக்கிறோம்.