கேஸ்கெட் மாற்றியும் எண்ணெய் கசிகிறதா? வீட்டில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்து புதுப்பித்து ஓட்டுகிற கார்களில் வால்வு கவர் கேஸ்கெட்டும் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டை) ஆயில் சீலும் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு கட்டத்தில் கசியத்தான் செய்யும். ரப்பர் வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து இறுகிப்போகிறது, அவ்வளவுதான். 10 வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை வேறு. அதனால் பலர் தாங்களே மாற்றப் பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மாற்றிய கொஞ்ச நாளில் மறுபடி ஈரம் தெரிந்தால் எல்லாரும் முதலில் திட்டுவது கேஸ்கெட்டைத்தான். பெரும்பாலும் அதன் மேல் தப்பே இருக்காது.

முதலில் பிசிவி வால்வைப் பாருங்கள். பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும் புகை வெளியேற இருக்கிற வழி அது. அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எங்கே இளகிய இடம் இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும், நீங்கள் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் சரி. கழற்றிக் குலுக்கினால் பல கார்களில் கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

அப்புறம் சுத்தம் செய்வது. வேலையில் பாதி இதுதான், இதில்தான் அவசரப்படுகிறார்கள். பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் போதும் எண்ணெய் வழிய. பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். டிரில்லில் மாட்டித் தேய்க்கும் முரட்டு வட்டும் வேண்டாம், அதன் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். கடைசியில் பிரேக் கிளீனர் நனைத்த துணியால், விரல் வைத்தால் வழுக்காத அளவுக்குத் துடைக்க வேண்டும்.

கசிவை அடைக்கும் சிலிகான் பசையைச் சுற்றிலும் பிதுக்குவது இன்னொரு பழக்கம். ரப்பர் கேஸ்கெட்டுக்கு அது தேவையே இல்லை. டைமிங் கவர் சேரும் இடம், கேம் மூடியின் மூலைகள் என்று சர்வீஸ் மேனுவல் சொல்கிற சில இடங்களில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு. அதற்கு மேல் போட்டால் மிச்சம் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். கசிவுக்குப் பயந்து எஞ்சினையே பலி கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

போல்ட் முறுக்குவதிலும் அப்படித்தான். வால்வு கவரின் சின்ன போல்ட்டுகள் பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் தாங்கும், மணிக்கட்டின் பலம்கூட அதற்கு அதிகம். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே தடவையில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் கவர் வளையும், மரை போகும்.

ஆயில் சீலில் உதட்டை, அதாவது தண்டைத் தொடும் ரப்பர் விளிம்பை, உலர்ந்தபடி ஏற்றாதீர்கள், எண்ணெய் தடவுங்கள், ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். சுழலும் தண்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், அதே இடத்தில் புது சீல் உட்கார்ந்து பயனில்லை.

எண்ணெய் மாற்றும்போது பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நிற்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். அதன் மேல் புதியதை முறுக்கினால் எண்ணெய் முழுக்க சில நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிரேக் சீலில் எஞ்சின் எண்ணெயோ சாதாரண கிரீஸோ படவே கூடாது. அந்த ரப்பர் ஊதிப்போய் பிரேக் விடுபடாமல் இறுகி நின்றுவிடும். அதற்கென்று இருக்கும் ரப்பர் கிரீஸ் அல்லது புது பிரேக் திரவம்தான். கை வராதென்று தோன்றினால் அந்த வேலையை மட்டும் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ நம்பிக்கையான பட்டறையில் விட்டுவிடுங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நம் மழைநீர் வடிகால்கள் பல நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. மூடி போட்ட கேனில் அடைத்து, வாங்கிக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, பட்டறையில் கொடுங்கள்.