ரூபியில் ஃபைல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூபி என்ற நிரல் மொழியில் ஃபைல்களோடு பழகும்போது வருகிற தவறுகளில் மோசமானவை பிழைச் செய்தி தருபவை அல்ல. நிரல் ஓடி ஒழுங்காக முடிந்த பிறகு, பட்டியலில் பாதியைக் காணோம் என்று தெரிகிறதே, அவைதான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் படங்களைத் தொகுக்கிறீர்கள். 'வீடுகள்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு, காரைக்குடி என்று ஊருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று வீட்டின் பகுதிகளுக்குப் படங்கள். எல்லாவற்றையும் பட்டியலிட ரூபியில் ஒரு சின்ன நிரல், அவ்வளவுதான் வேலை.

பெரும்பாலோர் முதலில் சறுக்குவது பாதையில். ஃபைலைப் படிக்கும் ஃபைல்.ரீட், கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் பெயர்களைத் தேடித் தரும் டிர்.கிளாப் போன்றவை, நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று நிரலை ஓட்டுகிறீர்களோ அங்கிருந்து தேடும். வேறொரு ரூபி ஃபைலை நிரலுக்குள் ஏற்றும் ரிக்வயர்_ரிலேட்டிவ் மட்டும், அந்த வரி எழுதப்பட்டிருக்கும் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து தேடும். இரண்டையும் ஒரே நிரலில் கலந்து எழுதினால், நிரல் தன் துணை ஃபைல்களைக் கண்டுபிடித்துவிடும், படங்களை மட்டும் தவறவிடும். ஊர் பெயர் சொல்லாமல் 'சிவன் கோயிலுக்கு அடுத்த வீடு' என்று முகவரி கொடுத்த மாதிரிதான். இந்தப் பக்கம் எந்த ஊரில் சிவன் கோயில் இல்லை? குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடவிட்டால் இன்னும் மோசம், அது பயனரின் ஹோம் ஃபோல்டரிலிருந்து தொடங்கும். ரூபி 2.0 முதல், முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட 'டிர்' என்ற மெத்தட் இருக்கிறது. நிரல் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் தருவது அதுதான். அதை ஃபைல்.ஜாயினில் 'வீடுகள்' என்பதோடு சேர்த்துப் பாதையைக் கட்டுங்கள்.

அடுத்தது கிளாப்பின் மௌனம். ஃபோல்டர் பெயரை 'வீடுகல்' என்று தப்பாக அடித்தாலும் அது குறை சொல்லாது, வெற்றுப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடும் டிர்.சில்ட்ரன் என்றால் 'அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை' என்று கத்தும். எனக்குக் கத்துவதுதான் பிடிக்கும். கிளாப் பயன்படுத்தினால், பட்டியல் காலியா என்று பார்த்து நீங்களே நிரலை நிறுத்துங்கள்.

பட்டியல் காலியாக இல்லாமல் குறைவாக வருவதற்கும் காரணங்கள் உண்டு. கேமரா பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று நீட்சி வைக்கும், நீங்கள் சின்ன எழுத்தில் தேடுவீர்கள். லினக்ஸில் இரண்டும் வேறு வேறு. நெளிவு அடைப்புக்குள் இரண்டையும் எழுதிவிட்டால் தீர்ந்தது. சதுர அடைப்பு வேறு கதை. 'வளவு [பழையது]' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால், அந்த அடைப்பை 'இந்த எழுத்துகளில் ஏதாவது ஒன்று' என்று கிளாப் புரிந்துகொள்ளும். அந்த மாதிரிப் பாதையைத் தேடும் வடிவத்துக்குள் எழுதாமல் 'பேஸ்' என்ற ஆப்ஷனில் கொடுங்கள். அப்போது வரும் பெயர்களில் அந்தப் பாதை இருக்காது, திறக்கும்முன் திரும்ப ஒட்டவேண்டும். புள்ளியில் தொடங்கும் ஃபைல்களையும் கிளாப் தானாகக் காட்டாது.

ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடும் இன்னொரு மெத்தடான டிர்.என்ட்ரீஸ் வெறும் பெயரைத்தான் தரும், பாதையை அல்ல. அந்தப் பெயரை அப்படியே 'இது ஃபோல்டரா?' என்று கேட்டால், நின்ற இடத்தில் தேடிவிட்டு 'இல்லை' என்றே பதில் வரும். அதே ஃபோல்டரைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும், மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் பட்டியலில் சேர்ந்து வரும் தொல்லை வேறு. ரூபி 2.5-இல் வந்த டிர்.சில்ட்ரன் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறது, ஆனால் பாதையை நீங்கள்தான் சேர்க்கவேண்டும்.

வரிசையையும் நம்பாதீர்கள். கிளாப் தன் முடிவுகளை அடுக்கித் தருவது ரூபி 3.0-இலிருந்துதான், சில்ட்ரன் இன்றும் அடுக்குவதில்லை. அடுக்கினாலும் '10' என்ற படம் '2'-க்கு முன்னால் வரும். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு கூத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் 'ன', 'ந'-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, அதனால் கானாடுகாத்தான் முன்னால் வந்து காரைக்குடி பின்னால் போகும். நம் நெடுங்கணக்குப்படி நேர்மாறு.

தமிழ்ப் பெயர் என்றதும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு உதாரணம் கிடைப்பது அரிது. 'கோ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ரூபிக்கு 'கோனாபட்டு' ஒரு விதத்தில் 9 குறிகள், மறு விதத்தில் 10. மேக் கணினியின் பழைய ஃபைல் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அந்த டிஸ்கிலிருந்து லினக்ஸுக்கு வந்த ஃபோல்டரை, நீங்கள் தட்டச்சு செய்த பெயரோடு ஒப்பிட்டால் பொருந்தாது. பள்ளத்தூர் கிடைக்கும், கானாடுகாத்தான் கிடைக்கும், கோனாபட்டும் கொத்தமங்கலமும் மட்டும் காணாமல் போகும். எந்த எழுத்துள்ள ஊர்கள் தப்புகின்றன என்று கவனிக்காவிட்டால் நாள் முழுக்கத் தேடலாம். ஒப்பிடும்முன் இரண்டு பக்கத்துக்கும், எழுதும் விதத்தை ஒன்றாக்கும் யூனிகோட்_நார்மலைஸ் போடுங்கள். ஃபைலைத் திறக்கும்போது மட்டும் கணினி கொடுத்த மூலப் பெயரையே பயன்படுத்தவேண்டும், திருத்திய பெயரில் அங்கே ஃபைல் இருக்காது.

இதோடு ஒட்டியது: கிரானில் மொழி அமைப்பு பெரும்பாலும் இருக்காது, அப்போது ரூபி உரையை, தமிழ் எழுத்துகளே இல்லாத ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்க் குறிப்பு ஃபைல்களைப் படித்துப் பிரிக்கும் இடத்தில் நிரல் விழும். படிக்கும்போதே யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள்.

ரூபி ஃபைல்களை நிரலுக்குள் ஏற்றுவதற்கு வருவோம். ரிக்வயர் ஒரு ஃபைலை ஒருமுறைதான் ஏற்றும். லோட் ஒவ்வொரு முறையும் ஏற்றும், நீட்சியையும் எழுதச் சொல்லும். மாறிலிகள் உள்ள ஃபைலை லோட் செய்துகொண்டே இருந்தால் 'ஏற்கெனவே வரையறுத்தாயிற்று' என்ற எச்சரிக்கை குவியும். ரூபி 1.9.2 முதல், நீங்கள் நிற்கும் ஃபோல்டர், ரிக்வயர் தேடும் பாதைகளில் இல்லை. அதற்காகப் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போட்டு ரிக்வயர் எழுதுவது பழைய பள்ளத்திலேயே விழுவது, அதுவும் நின்ற இடத்திலிருந்துதான் தேடும். ரிக்வயர்_ரிலேட்டிவ் இருக்கும்போது அது எதற்கு?

ஒரு ஃபோல்டரில் உள்ள ரூபி ஃபைல்கள் எல்லாவற்றையும் கிளாப்பில் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவது சுலபமாகத் தெரியும். ஆனால் 'வளவு' என்ற கிளாஸ் 'வீடு' கிளாஸிலிருந்து பிறந்ததாக இருந்து, வளவு ஃபைல் முதலில் ஏறினால், வீடு யார் என்று ரூபி கேட்கும். தாய் கிளாஸ் தேவைப்படும் ஃபைலே அதை ரிக்வயர்_ரிலேட்டிவ் செய்துகொள்ளட்டும், வரிசையை நம்பவேண்டியதில்லை. ரூபியில் இணையதளம் கட்ட உதவும் ரெயில்ஸில், 6-ஆம் பதிப்பு முதல் சைட்வெர்க் என்ற ஏற்றும் கருவி இந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே ஃபைல் பெயரும் கிளாஸ் பெயரும் ஒத்துப்போனால் போதும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

அப்புறம், பழைய நிரலைப் புது ரூபிக்கு மாற்றுபவர்களுக்கு: ஃபைல் இருக்கிறதா என்று கேட்கும் ஃபைல்.எக்ஸிஸ்ட்ஸ் ரூபி 3.2-இல் நீக்கப்பட்டுவிட்டது. கடைசி 'ஸ்' இல்லாத ஃபைல்.எக்ஸிஸ்ட் என்று மாற்றவேண்டும், டிர்-க்கும் அப்படியே. இந்த மெத்தட் பெயர்களின் கடைசியில் வரும் கேள்விக்குறியை எடுத்துவிடாதீர்கள்.