பழைய ஜீப்பை வீட்டில் திருத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர் எவரும் கொஞ்சமாவது மெக்கானிக்தான். பொருளாதாரத் தடைக் காலம் அப்படிப் பழக்கிவிட்டது. 1990களில் பெற்றோல் போத்தில் கணக்கில் விற்றது. ஒஸ்ரினும் மொறிஸும் கார்புறேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. பாகம் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் கடைந்து பூட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகும் அந்தக் காலத்துக் கைவைத்தியம் பல அப்படியே தொடர்கிறது. எப்படியாவது வீடு வந்து சேருவதற்குச் செய்த ஒட்டுவேலை, வருசக்கணக்காக வண்டியிலேயே தங்கிவிடுகிறது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய வண்டிகளுக்கு ஒரு மவுசு வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி திறந்தாலும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பேசாமல் இருக்கிறதைத் திருத்தி ஓடலாம் என்றுதான் தோன்றும். லான்ட் றோவரோ, மிற்சுபிசி 4டீஆர்5 ஜீப்போ, சின்னச் சுசுகியோ, எதுவானாலும் சரி.

சிமெந்துக் கல்லும் கைபிறேக்கும்

முதலில் உயிர் போகக்கூடிய தவறு. வண்டியை ஜக்கில் தூக்கி, மதில் கட்டக் கொண்டுவந்த சிமெந்துக் கல்லை அச்சுக்கு அடியில் வைத்து, கீழே படுத்து வேலை செய்வது. பரவலாக ஏறும் பாரத்தை அந்தக் கல் தாங்கும். அச்சின் பாரம் ஓரிடத்தில் குத்தி நின்றால் அது நொறுங்கும், அதுவும் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல். பனங்குற்றி நொறுங்காது, ஆனால் உருளும். இரும்பு ஸ்ராண்ட் ஒரு சோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணல் முற்றமென்றால் ஜக்குக்கும் ஸ்ராண்டுக்கும் அடியில் தடித்த பலகை வேண்டும்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று கைபிறேக். காரில் கைபிறேக் பின் சில்லுகளைப் பிடிக்கும். லான்ட் றோவரிலும் பழைய ஜீப்கள் சிலவற்றிலும் அது கியர்பெட்டிக்குப் பின்னால், சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சாஃப்ற்றைத்தான் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினால் என்ன நடக்கும்? தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சில்லு மறுபக்கம் உருள, டிஃபரென்சியல் (இரண்டு சில்லும் வேறுவேறாய்ச் சுற்ற வழிவிடும் பற்சக்கரப் பெட்டி) விட்டுவிடும். சாஃப்ற் அசையவே இல்லை, கைபிறேக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனால் வண்டி ஜக்கிலிருந்து சரிந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் இதே கதைதான். ஆகவே தூக்குவதற்கு முன்பே மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர்

நம்மூர் எஞ்சின்களுக்கு அதிகம் கெடுதல் செய்வது எது என்று கேட்டால் கிணற்றுத் தண்ணீர் என்றுதான் சொல்வேன். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அதிலிருந்து வரும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒரு காறை படிகிறதே, றேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் அதேதான் படிகிறது. வெப்பம் அந்தக் காறையைத் தாண்டி வெளியேற முடியாமல் எஞ்சின் சூடேறும். கடற்கரைப் பக்கத்துக் கிணறென்றால் உப்பும் சேரும், உள்ளே துருவும் வரும். பற்றரித் தண்ணீர் என்று போத்திலில் விற்கும் சுத்தத் தண்ணீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுவதே சரி. (பக்கத்துத் தட்டில் பற்றரி அசிற்றும் இருக்கும். போத்திலை வாசித்து எடுங்கள்.) வழியில் தண்ணீர் வற்றிக் கிணற்றுத் தண்ணீர் விட நேர்ந்தால் விடலாம், வீட்டுக்கு வந்ததும் முழுதாக வடித்துக் கழுவிவிட வேண்டும்.

றேடியேற்றரைச் சுத்தம் செய்யாமல், சூடேறுவதற்கு ஊரில் சொல்லும் மருந்து வேறு. "அண்ணை, அந்தத் தேர்மோஸ்ரற்றைக் கழட்டி எறியுங்கோ, எங்கட வெக்கைக்கு உது தேவையில்லை" என்பார் கராஜ்காரத் தம்பி. தேர்மோஸ்ரற் என்பது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் வால்வு, அதற்கும் ஊர் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. அது திறப்பது 80 பாகை செல்சியஸ் அளவில். நம் சித்திரை வெயில் அதில் பாதிக்குக்கூட வராது. எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் ஒயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும், டீசல் ஒழுங்காக எரியும். கழற்றிவிட்டால் எண்ணெய்ச் செலவு கூடும், எஞ்சின் தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் மோசமாகும்.

சந்தேகமென்றால் கழற்றி எடுத்து ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன்பே நடுவிலுள்ள தட்டு மெல்ல எழும்ப வேண்டும். எழும்பினால் அது நல்லது, குற்றம் வேறெங்கோ. கொதித்த பிறகும் அசையாமல் கிடந்தால் புதிது வாங்கிப் பூட்டுங்கள். வெறும் துவாரமாக விடாதீர்கள்.

எஞ்சின் சூடேறி நிற்கும்போது ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறப்பதும், கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். முதலாவதில் கை வேகும், இரண்டாவதில் எஞ்சின் தலை வெடிக்கும்.

மண்ணெண்ணெய் ஞாபகம்

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது பழைய ஞாபகம் திரும்ப வந்தது. அன்று மண்ணெண்ணெயில் ஓடினதுதானே என்று டீசலோடு கலக்கத் தொடங்கினார்கள். அன்று ஓடியவை அழுத்தம் குறைந்த பழைய பெற்றோல் எஞ்சின்கள். டீசல் வண்டியின் பம்புக்கு வழுவழுப்புக் கொடுப்பதே அதற்குள் ஓடும் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு பம்புக்குப் போகும். கான்களில் சேர்த்து வைத்த டீசலிலும் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். வடித்துப் பார்க்காமல் தாங்கிக்குள் ஊற்ற வேண்டாம்.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரத்தில் புகைப் பரிசோதனைக்குப் பயந்து பம்பின் முத்திரையை உடைத்து, டீசல் அளவைக் குறைக்கும் வேலை ஒன்றும் நடக்கிறது. புகை குறையும், வண்டி ஏற்றத்தில் இழுக்காது. கரும்புகை என்றால் முதலில் காற்று வடியைக் கழற்றிப் பாருங்கள்; செம்மண் ஒழுங்கையில் ஓடும் வண்டியில் பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும். அடுத்தது டீசலை எஞ்சினுக்குள் விசிறும் இன்ஜெக்ரர். நீலப்புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, அதற்குப் பம்பைத் திருகிப் பயனில்லை.

உப்பும் கழிவு ஒயிலும்

லான்ட் றோவரின் உடல் அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது என்று நம்பி இருப்பவர்கள் உண்டு. உடல் அலுமினியம்தான், அதைத் தாங்கும் சட்டம் இரும்பு. பெட்டி வடிவில் இருப்பதால் அது உள்ளிருந்து உக்கும். மேலே பெயின்ற் பளபளக்கும், கீழே சட்டம் ஓடாகியிருக்கும். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போய் வருபவர்களும் மணற்காட்டுக் கரையில் ஓட்டுபவர்களும் ஒரு சின்னச் சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்னும், உக்கினது மந்தமாகக் கேட்கும். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் சேற்றால் அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின மாதிரித்தான்.

துருவுக்கு மருந்தென்று கழிவு ஒயிலை வண்டியின் அடியெல்லாம் பூசுவது நம்மூரில் சாதாரணம். அதில் மணல் ஒட்டும். றப்பர் புஷ்கள் ஊறிப் பருக்கும். பிறேக் பக்கம் பட்டால் பிடிக்காது. மிச்சம் முற்றத்தில் சொட்டி நிலத்துக்குள் இறங்கும், அதன் கீழே நாம் குடிக்கும் தண்ணீர். சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் இதைச் செய்யலாமா? துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பெயின்ற் அடித்து, சட்டத்துக்கு உள்ளே மெழுகு விசிறலாம்.

உக்கின இடத்தின் மேலேயே தகடு வைத்து ஒட்டுவதும் ஏமாற்று வேலை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் பற்றரி வயர்களைக் கழற்றுங்கள். சின்ன லான்ட் றோவர்களில் எரிபொருள் தாங்கி முன் சீற்றுக்கு அடியிலேயே இருக்கிறது என்பதையும் வெல்டிங்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

நாலு சில்லும் இழுக்கும்போது

பழைய லான்ட் றோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சில்லுகளும் இழுக்கும். மழைக்குப் பாதுகாப்பு என்று தார் வீதியில் அதை அழுத்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மணலில் சில்லு வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். பிடிப்பான வீதியில் வழுக்க இடமில்லை, முறுக்கமெல்லாம் கியர்ப் பல்லுகளில் ஏறும். ஸ்ரியறிங் கனத்து, பிறகு கியர் விடுபடாமல் இறுகிக்கொண்டால் நேராகக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள், முறுக்கு அவிழும். டிஃபென்டர் எப்போதும் நாலு சில்லிலும் ஓடும் வகை, அதில் நடு டிஃபரென்சியலைப் பூட்டுவதுதான் தார் வீதியில் கூடாது. மறுபக்கம், வருசத்தில் ஒருநாளும் போடாமல் விடுவதும் பிழை. மாதத்துக்கு ஒருமுறையாவது மணலில் போட்டு ஓட்டினால் ஒயில் எல்லா இடமும் போகும்.

முன் இரண்டும் ஒரு அளவு ரயர், பின் இரண்டும் வேறு அளவு என்று பூட்டினாலும் இதே முறுக்கம்தான். காசு இல்லையென்றால் நாலையும் பழைய ஒரே அளவில் தேடிப் பூட்டுங்கள்.

கார்த்திகை மழையில் வெள்ளத்துக்குள்ளால் வந்திருந்தால், சூடான அச்சு சட்டென்று குளிர்ந்து உள்ளே தண்ணீரை உறிஞ்சியிருக்கலாம். அச்சின் மேலுள்ள சின்ன மூச்சுத்துளை அடைத்திருந்தால் கட்டாயம் உறிஞ்சும். மறுநாள் காலை அடி நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் கீழே இறங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும். ஒயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் முழுதும் மாற்ற வேண்டும்.

சின்ன விசயங்கள் இரண்டு

அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் அதில் ஏறும், ஆனால் துரு இறுகின நட்டில் பலம் கொடுத்தால் முனையெல்லாம் மழுங்கிவிடும். ஆங்கிலேய வண்டி வைத்திருப்பவர் அங்குல ஸ்பனர் செற் ஒன்று வைத்திருக்கத்தான் வேண்டும்.

பிறேக் ஒயில் குறைந்தால் கையிலிருக்கும் எஞ்சின் ஒயிலை விடவே கூடாது. சீல்கள் ஊதி பிறேக் இறுகும், அல்லது பிடிக்காமலே போகும். பிறகு பிறேக்கில் உள்ள சீல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். எஞ்சின் ஒயில் ஊற்றின புனலைக் கழுவாமல் பாவித்தாலே இது நடக்கலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வண்டி

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்வரை மாமரத்தடியில் கிடக்கும் ஜீப்கள் ஊரில் நிறைய. பார்த்துக்கொள்ளும் மருமகனுக்கு, கிழமைக்கு ஒருக்கால் ஸ்ராட் பண்ணி ரெண்டு நிமிசம் விட்டு நிற்பாட்டச் சொல்லியிருப்பார்கள். எஞ்சின் சூடேறாமல் நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். அதைவிடப் பற்றரியைக் கழற்றிச் சும்மா விடுவது மேல். ஓட்டுவதென்றால் அரை மணித்தியாலமாவது ஓட்ட வேண்டும். கைபிறேக்கை இழுத்துவிட்டுப் போகாமல் சில்லுக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போனால் பிறேக் ஒட்டிக்கொள்ளாது. திரும்ப எடுக்கும் நாளில் ஒயில், தண்ணீர், பிறேக் ஒயில் பார்த்து, எலி வயர் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் வண்டியென்றால் நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஒயில் லைற் அணையும்வரை விட்டுவிட்டு ஸ்ராட்டரை அடித்து, அதன் பிறகு எஞ்சினை எடுங்கள். முதல் பயணத்தைக் கொழும்புக்கு வைக்காமல் கோப்பாய் வரை போய்வந்து, அடியில் எங்காவது ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள்.