மாலத்தீவில் வேலையும் வியாபாரமும்: புகார் கொடுக்கக்கூட வழியில்லாமல் செய்துவிடும் தவறுகள்

மாலத்தீவுக்குப் புறப்படுகிறவர்கள் வீட்டில் முதலில் எழும் பயம் கத்திக்குத்து பற்றியது. பயம் ஆதாரமற்றதல்ல. தலைநகர் மாலேயில் 20 முதல் 30 கும்பல்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 பேர் வரை இருப்பதாகவும் ஏஷியா ஃபவுண்டேஷன் 2012-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆனால் அந்த வெட்டுக்குத்தில் பெரும்பகுதி கும்பல்களுக்குள் நடப்பது. இரவில் ரொக்கத்தோடு சந்துகளில் தனியாக நடக்காமல் இருந்தாலே ஆபத்து பெருமளவு குறையும்.

நம் ஊர்க்காரர்கள் அங்கே பணத்தை இழப்பது பெரும்பாலும் வேறு வழிகளில். 2022 கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்கள்தொகை சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம். நால்வரில் ஒருவர் வெளிநாட்டவர். அவர்களில் ஆவணம் சரியில்லாதவர்களைக் குறிவைத்துத்தான் ஏமாற்று நடக்கிறது. சம்பளம் தராவிட்டாலும், கடையைப் பிடுங்கிக்கொண்டாலும், வழிப்பறி செய்தாலும் அவர்கள் போலீசுக்குப் போக மாட்டார்கள் என்பது ஏமாற்றுகிறவருக்குத் தெரியும். கீழே சொல்லும் தவறுகளில் பலவும் உங்களை அந்த இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது

"டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியவுடன் சுற்றுலா விசா கிடைத்துவிடும். இந்த வசதியைத்தான் போலி ஏஜென்ட்கள் பயன்படுத்துகிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு முதலாளி முன்கூட்டியே எடுத்த வேலை ஒப்புதல் புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். அதில் இருக்கும் நிறுவனத்தின் பெயரும் பணியின் பெயரும் ஒப்பந்தத்தில் இருப்பவையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதலில் "கூலித் தொழிலாளி" என்றும் ஒப்பந்தத்தில் "எலக்ட்ரீஷியன்" என்றும் இருந்தால், நாளைக்கு சம்பளத் தகராறில் செல்லுபடியாகப்போவது முதலாவதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் மாலத்தீவு இல்லை. வளைகுடாவுக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கிறது; இங்கே அந்தச் சல்லடை இல்லாததால் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. ஏஜென்ட் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் எமிகிரேட் இணையதளத்தில் பதிவுபெற்றவரா என்று தேடுங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம் கேட்பவர் ரசீது தர மாட்டார். ரசீது இல்லாத பணத்துக்குப் புகார் எழுதுவது கடினம்.

போய்ச் சேர்ந்தபின் வரும் சிக்கல் மாதக் கட்டணம். வேலை அனுமதிக்கான கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். அவர் கட்டாமல் விட்டால் ஆவணமற்றவர் ஆவது நீங்கள். அதனால் அனுமதி எதுவரை செல்லும் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்டு, நகலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி ஒரு முதலாளிக்கு உரியது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் இன்னொருவர் கடையில் பகுதிநேரமாக நிற்பதும் சட்டமீறலே. 2024-இல் தொடங்கிய 'ஆப்பரேஷன் குறங்கி' திட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கைரேகையும் படமும் பதிவு செய்யப்பட்டன. தீவு மாறி ஒளிந்துகொள்ளலாம் என்ற பழைய கணக்கு இனி எடுபடாது.

பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். தொழிலாளியைப் பிடித்து வைக்கும் நோக்கில் ஆவணத்தை வைத்துக்கொள்வது 2013-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டப்படி குற்றம். விசா வேலைக்காக என்றால், எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். அந்நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம் (2/2008) எழுத்து ஒப்பந்தம், வாரத்துக்கு 48 மணி நேரம், மிகைநேரத்துக்கு ஒன்றேகால் மடங்கு கூலி, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு ஆகியவற்றைச் சொல்கிறது. வேலை நேரத்தை நீங்களும் ஒரு நோட்டில் தினமும் குறித்து வைத்தால்தான் மிகைநேரக் கூலியைக் கேட்க முடியும்.

பினாமிக் கடை

உள்ளூர்க்காரர் பெயரில் பதிவு, உங்கள் முதல், உங்கள் உழைப்பு, அவருக்கு மாதம் ஒரு தொகை. மாலேயில் பல சிறு கடைகள் இப்படி நடந்ததுண்டு. சில்லறை வியாபாரம் உள்ளூர் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட துறை. மற்ற துறைகளிலும் வெளிநாட்டவர் முதலீடு செய்யத் தனி அனுமதி வேண்டும். பொருளாதார அமைச்சகம் அண்மை ஆண்டுகளில் இத்தகைய கடைகளில் சோதனை நடத்தி மூடிவருகிறது.

சோதனை வராவிட்டாலும் நிலைமை மோசம்தான். உரிமம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், சரக்கு இறக்குமதிப் பதிவு எல்லாம் அவர் பெயரில். வியாபாரம் பிடித்தபின் அவர் பூட்டை மாற்றினால் உங்களிடம் காட்ட ஒரு தாள் இருக்காது. தனியாக எழுதி வைத்த "உள் ஒப்பந்தம்" நீதிமன்றத்துக்குப் போனால் நீங்களே சட்டத்தை மீறியதற்கான சாட்சியாகிவிடும். முதல் போட நினைப்பவர் அனுமதியுள்ள துறையில் கூட்டு நிறுவனமாகப் பதியலாம். அது கட்டுப்படியாகாது என்றால் இந்தியாவிலிருந்தே பொருள் அனுப்பும் ஏற்றுமதியாளராக மட்டும் இருங்கள். அங்கே பொது ஜி.எஸ்.டி. 8 விழுக்காடு, சுற்றுலாத் துறைக்கு 2025 ஜூலை முதல் 17. கடல் கடந்து ஆலோசனை, தொழில்நுட்பச் சேவை தருகிறவருக்கு வரும் தொகையில் 10 விழுக்காடு அங்கேயே பிடிக்கப்படும் என்பதையும் விலை சொல்லும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

டாலர் கணக்கு

இதில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். அந்நாட்டு நாணயம் ருஃபியா. அரசு விகிதம் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. 2011-இல் வகுத்த வரம்பின் மேல் எல்லை அது, அங்கேயே நிற்கிறது. வங்கியில் அந்த விலைக்கு வேண்டிய டாலர் கிடைப்பதில்லை. வெளியே விலை அதிகம். 2024 ஆகஸ்டில் பேங்க் ஆஃப் மால்டீவ்ஸ் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்துவதாக அறிவித்து அன்றே பின்வாங்கியது நினைவிருக்கலாம். அதே மாதம் ஃபிட்ச் நிறுவனம் நாட்டின் கடன் தரத்தை, கடனைத் திருப்பித் தராமல் போகும் ஆபத்து மிக அதிகம் என்று பொருள்படும் 'சி.சி.'க்கு இறக்கியது.

வேலைக்குப் போகிறவருக்கு இதன் பொருள்: ஒப்பந்தத்தில் "400 டாலர்" என்று மட்டும் இருந்தால், 6,168 ருஃபியாவாகத் தருவார்கள். வெளியே டாலர் 18 ருஃபியா என்று வைத்துக்கொண்டால் அதைக் கொண்டு 343 டாலர்தான் வாங்க முடியும். "சம்பளம் அமெரிக்க டாலராகவே வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும்" என்ற வரியைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். எஸ்.பி.ஐ. 1974 முதல் மாலேயில் இருக்கிறது. ருஃபியா சம்பளத்திலிருந்து மாதம் எவ்வளவு இந்தியாவுக்கு அனுப்ப முடியும் என்ற வரம்பைக் கையெழுத்துப் போடும் முன்பே விசாரியுங்கள். வரம்பு அவ்வப்போது மாறும்.

வரம்பு போதவில்லை என்று உண்டியலில் (வங்கி வழியே போகாமல் ஆள் மூலம் பணம் மாற்றும் ஹவாலா) போடுவதுதான் அடுத்த தவறு. அங்கே ருஃபியா கொடுத்தால் இங்கே வீட்டார் கணக்கில் ரூபாய் விழும். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? பல நேரம் இணைய மோசடியில் யாரோ பறிகொடுத்த பணம் அது. அவர் இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகள் முடக்கப்படும். திருநெல்வேலியில் இருக்கும் உங்கள் அம்மாவின் கணக்கும் அதில் ஒன்றாகும். "என் மகன் சம்பளம்" என்று நிரூபிக்க வங்கிச் சீட்டு எதுவும் இருக்காது. முடக்கத்தை எடுக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு அலைந்தவர்கள் ஏராளம்.

ஏற்றுமதியாளருக்கு இப்போது ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் இரு நாட்டு மத்திய வங்கிகளும் ரூபாய், ருஃபியாவிலேயே வணிகத்தைத் தீர்த்துக்கொள்ள உடன்பாடு செய்தன. வாங்குகிறவர் "டாலர் கிடைக்கவில்லை" என்று காலம் கடத்தினால், இன்வாய்ஸை ரூபாயில் போட முடியுமா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். பழகும் வரை முழுத்தொகை முன்பணம் அல்லது மாற்ற முடியாத எல்.சி. (பணத்துக்கு வாங்குகிறவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்); பிறகு கடன் கொடுப்பதானால் இ.சி.ஜி.சி. என்ற இந்திய அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டோடு.

சரக்கு மாலேயோடு நின்றுவிடும் என்று நினைப்பது

தூத்துக்குடிக்கும் மாலேக்கும் பழைய உறவு உண்டு. தோணிகளில் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் போன பாதை அது. இரு நாடுகளுக்கிடையிலான 1981 வணிக உடன்பாட்டின் கீழ் அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றுக்கு இந்தியா ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு தருகிறது. பொதுவாக ஏற்றுமதிக்குத் தடை இருக்கும் காலத்திலும் அந்த அளவுக்குள் அனுப்பலாம். ஆனால் எந்தத் துறைமுகம் வழியாக, எந்தச் சான்றோடு என்பதை வெளிநாட்டு வணிக இயக்குநரகம் அறிவிப்பில் சொல்லும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் படிக்காமல் லாரியில் ஏற்றினால் சரக்கு துறைமுக வாசலிலேயே அழுகும்.

மாலே துறைமுகம் சிறியது. பெரிய கப்பல் கடலில் நங்கூரமிட, சரக்கைப் படகில் இறக்கும் வழக்கம் உண்டு. பிறகு ரிசார்ட்டோ வேறு தீவோ என்றால் மறுபடி படகு. ஒரே மூட்டையை நாலைந்து முறை ஆள் தூக்குகிறார். இடையில் உப்பு நீர் தெறிக்கிறது. இங்கே குடோனில் கட்டும்போதே இதை நினைக்க வேண்டும்: ஒருவர் தூக்கும் எடை, உள்ளே ஈரம் புகாத உறை, நான்கு பக்கமும் அடையாளக் குறி. காப்பீடு எடுக்கும்போது சேரும் இடம் "மாலே" என்று எழுதினால் அங்கிருந்து தீவுக்குப் போகும் கடைசிப் படகில் நேரும் இழப்புக்கு ஈடு கிடைக்காது. கடைசித் தீவின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, நமக்கு ஞாயிறு. இருபக்க வங்கியும் அலுவலகமும் உறுதியாகத் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை. அழுகும் சரக்கின் ஆவணம் வியாழன் மாலை போய்ச் சேர்ந்தால் ஞாயிறு வரை யாரும் தொட மாட்டார்கள்.

வாங்குகிறவர் "பில்லில் பாதி விலை போடுங்கள், சுங்கம் குறையும்" என்பார். போட்டால், மீதிப் பாதியை அவர் தராதபோது நீங்கள் கேட்க முடியாது. உங்கள் கையெழுத்தே பாதிதான் பாக்கி என்று சொல்லும்.

பணம் வந்துவிட்டது என்று நம்புவது

அங்கே பேச்சுவார்த்தையில் பெரும்பங்கு வாட்ஸ்அப் போன்ற வைபர் செயலியில் நடக்கிறது. பணம் அனுப்பியதற்கு வங்கிச் செயலியின் சீட்டைப் படமாக அனுப்புவார்கள். படத்தைத் திருத்துவது எளிது. உங்கள் கணக்கில் வரவு விழாமல் சரக்கு ஆவணத்தின் மூலப்பிரதியை விடாதீர்கள். அதேபோல, பழகிய நிறுவனத்திடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், அதில் இருக்கும் எண்ணை அழைக்கக் கூடாது. முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு வீடியோவில் பேசுங்கள்.

பெட்டியில் இருப்பதும் தங்குமிடமும்

மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான சிலைகள், ஆபாசப் பொருள் எதையும் கொண்டுபோக முடியாது. இ-சிகரெட் இறக்குமதி 2024 நவம்பர் 15 முதல் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலிமருந்து, தூக்க மாத்திரை ஆகியவை கட்டுப்பாட்டுக்குரியவை. மருத்துவச் சீட்டு மட்டும் போதும் என்று எண்ணாமல் அந்நாட்டு மருந்து ஆணையத்திடம் முன் அனுமதி கேளுங்கள். விமான நிலையத்தில் "ஊர்க்காரருக்கு ஒரு பொட்டலம்" என்று யார் நீட்டினாலும் வாங்க வேண்டாம். போதைப்பொருள் வழக்கில் "எனக்குத் தெரியாது" என்பது உங்களைக் காப்பாற்றாது.

2022 நவம்பர் 10 அன்று மாலேயில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கிய கட்டடத்தில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர். கீழே வாகனப் பட்டறை, மேலே நெருக்கமான அறைகள், ஒரே ஒரு ஜன்னல். முதலாளி காட்டும் அறைக்கு இரண்டாவது வெளிவழி இருக்கிறதா, கீழ்த்தளத்தில் பெட்ரோல், பெயின்ட், கேஸ் உருளை இருக்கிறதா, ஜன்னல் உள்ளிருந்து திறக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் படம் எடுத்து, தேதியோடு முதலாளிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அசைவு இல்லாவிட்டால் அதே படத்தோடு மாலேயில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். தீயணைப்புக்கு 118, போலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 102.